பதினோரு பேருக்கு ஒரு ரோடு

முதல் நாள்: கோட்துவார்

ரயில் இதோடு சரி. டில்லியிலிருந்து சமவெளியாகவே ஓடிவந்தது கோட்துவாரில் நின்றுவிடுகிறது. ஸ்டேஷனுக்கு வெளியே வந்து நிமிர்ந்தால் இருட்டில் மலை நிற்பது தெரிகிறது. அதன் உடம்பில் அங்கங்கே சிவப்பாகக் கோடு கோடாக ஏதோ மினுங்கியது. திருவிழா விளக்கு என்று நினைத்தேன். "காட்டுத் தீ. ஜூன்ல இப்படித்தான்" என்றார் நண்பர், இன்றைக்குக் கொஞ்சம் புழுக்கம் என்பது போன்ற குரலில்.

வந்த காரணம், நண்பரின் ஊரில் குலதெய்வப் பூஜை. அவர்களும் 'குல்தேவ்தா' என்றுதான் சொல்கிறார்கள். குர்கானில் ஒரே அறையில் நாலு வருஷம் குப்பை கொட்டியவர்கள் நாங்கள். அப்போதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். "எங்க ஊர்ல மொத்தம் பதினோரு பேர். பூஜைக்கு நூறு பேருக்கு மேல வருவாங்க" என்று சொன்னபோது வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பதினோரு பேர் இருக்கிற ஊருக்குப் பெயர் சொன்னால், கதவு நம்பரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். உத்தராகண்டின் பௌரி கார்வால் மாவட்டம், சத்புலிக்கு மேலே எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் வழியில் போனில் கணக்கெடுப்பு விவரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மாவட்டத்தில் 2001-ல் 6,97,078 பேர். 2011-ல் 6,87,271 பேர். நாடு முழுக்கப் பதினேழு சதவீதத்துக்கு மேல் பெருத்த அதே பத்து வருஷத்தில் இந்த ஒரு மாவட்டம் பத்தாயிரம் பேர் இளைத்திருக்கிறது. பக்கத்து அல்மோராவும் அப்படியே. ஆயிரம் ஆணுக்கு 1,103 பெண்கள் என்ற வரியைப் பார்த்துவிட்டு யாரும் கைதட்ட வேண்டாம். ஆண்கள் பட்டாளத்திலும் ஓட்டல்களிலும் கம்பெனிகளிலும் கீழே இருக்கிறார்கள், அவ்வளவுதான். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப் போய்விட்டதால், இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டால் கையில் இருப்பது இந்தப் பழைய எண்தான்.

நண்பரின் அண்ணன் வீட்டில் படுக்கை. மலையிலிருந்து இறங்கிய சனம் முதலில் ஒதுங்குகிற கரை கோட்துவார். தெருவுக்குத் தெரு புது வீடு, புது வீட்டுக்குப் பக்கத்தில் மனைகள், மனைகளுக்கு எதிரே கோச்சிங் சென்டர். ஒரு வீட்டு வாசலில் சலவைக் கல்லில் வெட்டிய பெயர், விட்டு வந்த ஊரின் பெயராம்.

இரண்டாம் நாள்: ஜீப்பில் ஏறி, கால்நடையாக முடிந்தது

காலை ஐந்தரைக்கு ஜீப் ஸ்டாண்ட். இங்கே பஸ்ஸும் உண்டு. பஸ் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் கார்வால் மோட்டார் ஓனர்ஸ் யூனியனின் சின்னச் சின்ன பஸ்கள் பல வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்குகின்றன. ஆனால் கிளைப் பாதைகளுக்கு 'மேக்ஸ்' என்று எல்லோரும் சொல்கிற மஹிந்திரா ஜீப்தான் கதி. அதற்கு நேரம் கிடையாது. நிரம்பினால் கிளம்பும். நிரம்பியது என்பதை டிரைவர்தான் தீர்மானிப்பார். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் நாங்கள் பதினாலு பேர், கூரையில் மூட்டைகள். மூட்டைகளைக் கவனித்தேன். கோதுமை மாவு, வெங்காயம், முட்டை அட்டைகள், தக்காளி, ஒரு சாக்கு உருளைக்கிழங்கு. விளைகிற இடத்திலிருந்து சந்தைக்குச் சரக்கு இறங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே சந்தையிலிருந்து மலைக்குக் காய்கறி ஏறுகிறது.

பக்கத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். லான்ஸ்டவுனில் இறங்குவாரோ என்று நினைத்தேன். 1887-ல் உருவான பட்டாள ஊர், கார்வால் ரைஃபிள்ஸ் படையின் வீடு. அவர் அதையும் தாண்டிப் போகிறவர். எந்த ஊர் என்று கேட்டார், தமிழ்நாடு என்றேன். "குன்னூரா?" என்றார் உடனே. மதுரைப் பக்கம் என்று சொல்லியும் விடவில்லை. குன்னூர் எப்படி இருக்கும், அங்கே மூடுபனி எந்த மாசம், மலை எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த ஜெனரல் பிபின் ராவத் இந்த மாவட்டத்துக்காரர். இவர்களுக்குத் தமிழ்நாடு என்றால் குன்னூர்தான்.

துகட்டா தாண்டியதும் சால் மரங்கள் முடிந்து பைன் தொடங்கியது. கும்காலில் டீ. அங்கிருந்து இறங்கு இறங்கு என்று இறங்கி நயார் ஆற்றங்கரையில் சத்புலி. என் வயிறு கும்காலிலேயே விடைபெற்றுவிட்டதால் சத்புலியின் பிரசித்தி பெற்ற மீன் சோற்றை நண்பர் சாப்பிட, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதுவாகக் கிடக்கிற இந்த ஆறுதான் 1951 செப்டம்பர் வெள்ளத்தில் கரையில் நின்ற பஸ்களையும் டிரைவர்களையும் வாரிக்கொண்டு போனது. அதைப் பற்றி இன்றும் பாடுகிற நாட்டுப் பாட்டு ஒன்று உண்டு. நண்பர் இரண்டு வரி பாடிக் காட்டினார். கல்லாவில் இருந்தவர் மூன்றாவது வரியை எடுத்துக்கொடுத்தார்.

அடுத்த ஜீப் நிரம்ப ஒன்றே முக்கால் மணி நேரம். கிளைச் சாலை, பாலம், அப்புறம் ஜே.சி.பி. வெட்டிப்போட்ட மண் ரோடு. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் டிரைவர் நிறுத்திவிட்டார். "நேத்து மழை. இதுக்கு மேல வண்டி வழுக்கும்." பேரம் பேசிப் பார்த்தோம், மசியவில்லை. இறங்கி நடந்தோம்.

நடந்ததில் ஒன்று தெரிந்தது. புது ரோடு பழைய ஒற்றையடிப் பாதையைப் பல இடங்களில் வெட்டிக்கொண்டு போகிறது. பழைய பாதையில் கல் படிகள், உட்கார மேடை, நடுவில் 'தாரா' என்கிற கல் தூம்பு ஊற்று. ஏற்றத்தில் எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட பாதை. ரோடு வெட்டிய மண்ணைக் கீழே தள்ளியதில் பாதிப் படிகள் புதைந்துவிட்டன. ரோடு வந்து இரண்டு வருஷம்தான். அதற்குள் ரோட்டில் இறங்காமல் பழைய பாதையில் மட்டும் நடந்து போக முடியாதபடி ஆகிவிட்டது.

ஊர் எல்லையில் ஒரு வயதான அம்மா கையில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். நண்பர் ஓடிப்போய்க் காலைத் தொட்டு, "போடி!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்வாலியில் போடி என்றால் பெரியம்மாவாம். பெரியப்பா போடா. என்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார்கள். நாக்கு எழவில்லை. 'போடி ஜி' என்று ஒரு ஜி போட்டு என் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: எண்ணிக்கை

இன்று முழுக்கப் போடி பின்னாலேயே சுற்றினேன். வயது எழுபத்தாறு. நடையில் என்னை இரண்டு முறை பின்தள்ளிவிட்டார்.

ஊரில் 43 வீடுகள். கதவு திறந்திருப்பது ஏழு. எட்டுப் பெண்கள், மூன்று ஆண்கள், ஒரு எருமை, நாலு ஆடுகள். எல்லோரிலும் இளையவருக்கு ஐம்பத்து நாலு வயது. அவரைத்தான் 'சின்னப் பொண்ணு' என்று கூப்பிட்டு மரம் ஏறச் சொல்கிறார்கள்.

பூட்டுகளைப் பார்த்தே வீட்டுக் கதை சொல்லலாம் என்று போடி கற்றுக்கொடுத்தார். பளபளப்பான பூட்டு என்றால் பூஜைக்கு வருகிறவர்கள். துருப்பிடித்தது என்றால் பிள்ளைகள் தலையெடுத்தாயிற்று, வர மாட்டார்கள். பூட்டே இல்லை என்றால் உள்ளே வீடு இல்லை. அப்படி ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். முன்தாழ்வாரத்தில் 'திபாரி' என்கிற மரத்தூண் வரிசை அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு தூணின் தலையிலும் தாமரை செதுக்கல். அதற்குப் பின்னால் கூரைப் பலகைக் கற்கள் சரிந்து, நடு வீட்டில் ஆள் உயரத்துக்குக் 'கண்டாலி' வளர்ந்திருக்கிறது. தொட்டால் தீயாக எரியும் செடி. நான் தொட்டுவிட்டேன். போடி சிரித்துவிட்டு இடுக்கியால் கொழுந்துகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டார். மத்தியானம் அதுதான் கீரை.

சாப்பாட்டில்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கருப்பாக ஒரு ரொட்டி, பெயர் மண்டுவா. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கேழ்வரகு. ஜங்கோரா என்று சோறு மாதிரி வைத்தார்கள். அது குதிரைவாலி. 'கஹத்' என்று குழம்பு ஊற்றினார்கள், சாட்சாத் கொள்ளு. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று போடி சொன்னதும் என் ஆச்சியே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து கொள்ளுக் குழம்பு.

இதெல்லாம் அவர் வயலில் விளைந்தது. மற்றவர்களின் படிக்கட்டு வயல்கள் 'பஞ்சர்', அதாவது தரிசு. சுற்றிலும் தரிசாகக் கிடந்தால் நடுவில் ஒருவர் மட்டும் பயிர் வைக்க முடியாது. காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் அந்த ஒரு வயல்தான் விருந்து. பொழுது சாய்ந்தால் சிறுத்தை பயம் வேறு. ஆறு மணிக்கெல்லாம் ஊர் கதவைச் சாத்திவிடுகிறது.

ரோடு இல்லாததால் ஊர் காலியானது என்றுதான் நான் கதை கட்டி வைத்திருந்தேன். உத்தராகண்ட் அரசு 2017-ல் இடப்பெயர்வுக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. 2011-க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளே இல்லாமல் போயின என்று 2018-ல் அது அறிக்கை கொடுத்தது. போனவர்கள் சொன்ன காரணங்களில் சரிபாதி வேலை. அதற்கடுத்து படிப்பு, ஆஸ்பத்திரி. ரோடு மாதிரி வசதிகள் இல்லை என்று சொன்னவர்கள் நான்கு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. போடியிடம் கேட்டேன். "ரோடு இருந்திருந்தா என் பெரியவன் பதினெட்டு வயசுல போறதுக்குப் பதிலா பதினாறுல போயிருப்பான்" என்றார்.

அப்படியென்றால் ரோடு எதற்கு? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அவர் கால் எலும்பு.

ரோடு வருவதற்கு முந்தைய மழைக்காலம். சாணி வழுக்கி முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. 108-க்குப் போன் போட்டாயிற்று. வண்டி தார் ரோடு முனை வரை வரும், அதற்கு மேல் 'டண்டி'. நாற்காலியை இரண்டு கழிகளில் கட்டி நாலு பேர் தோளில் தூக்குவது. மாற்றுத் தோளுக்கு இன்னும் நாலு பேர் இருந்தால் நல்லது. ஊரில் அன்றைக்கு ஆண்கள் மூவர், அதில் ஒருவருக்குக் குடலிறக்கம். நாலு தோள் தேறவில்லை. கீழே ரோடு வேலை செய்துகொண்டிருந்த நேபாளத்துப் பையன்களைக் கூப்பிட்டு, அவர்கள் ஏறி வர மூன்று மணி நேரம். "இறக்கத்துல என் தலை கீழ போகுது. அடேய், என்னைத் திருப்பி வச்சுத் தூக்குங்கடான்னு கத்துறேன். அவனுங்களுக்கு என் பாஷை புரியல. தலைகீழாவே கொண்டுபோய்ச் சேர்த்தானுங்க." சொல்லும்போது அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் பக்கம் 'தூக்கிப்போட நாலு பேர் வேணும்' என்பதைச் சாவுக்குத்தான் சொல்வோம். இங்கே ஆஸ்பத்திரிக்கே நாலு பேர் வேண்டும்.

சரி, பதினோரு பேருக்கு ரோடு எப்படி வந்தது? பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியபோது வைத்த அளவு, சமவெளியில் 500 பேர், மலையில் 250 பேர். மலையில் பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளை, ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்தால், சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். தலைக் கணக்கு 2001-ஆம் வருஷத்தது. அப்போது இந்த ஊரில் நூற்றுச் சொச்சம் பேர். மேலே ஒரு 'தோக்', கீழே ஒரு 'தோக்', அதாவது சிற்றூர், இரண்டையும் கூட்டி எப்படியோ 250-ஐத் தாண்டிவிட்டார்கள். ஒப்புதல், காட்டு நிலத்துக்கு அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து ஜே.சி.பி. வந்தபோது அந்த நூற்றுச் சொச்சத்தில் மிச்சம் பதின்மூன்று. இப்போது பதினொன்று. மேலே இருந்த தோக்கில் ஒருவரும் இல்லை. 2001-ல் எண்ணிய தலைகளுக்காகப் போட்ட ரோட்டில்தான் நேற்று நாங்கள் நடந்து வந்தோம்.

நான்காம் நாள்: டிராஃபிக் ஜாம்

விடிகாலையிலிருந்து வண்டிகள். டேராடூன், காஜியாபாத், ஃபரிதாபாத், சண்டிகர். நேற்று வெயில் காய்ந்ததில் மண் ரோடு இறுகி, ஊர் வரைக்கும் ஏறிவிட்டன. பத்து மணிக்கு எண்ணினேன், 23 வண்டி. திருப்ப இடமில்லை. முன்னால் வந்தவர் பால் வாங்க இறங்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கிற இருபத்திரண்டும் ரிவர்ஸில் போக வேண்டும். பதினோரு பேர் ஊரில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எருமை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, 'சின்னப் பொண்ணு' அதன் பின்னால் ஓடினார்.

பூஜையைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். தோல், தமாவு என்று இரண்டு மேளம். அடிக்க அடிக்க ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தது. காஜியாபாத்தில் வங்கியில் வேலை பார்ப்பவராம். தலைவிரி கோலமாக ஆடி, "வருஷத்துக்கு ஒருநாள் விளக்கு போட்டா போதுமா?" என்று கேட்டார். கேட்டவரும் வருஷத்துக்கு ஒருநாள் வருகிறவர். யாரும் சிரிக்கவில்லை, நானும்தான்.

மத்தியானப் பந்தியில் மாலு இலைத் தட்டுகளை எண்ணினேன். 137. குழந்தைகள் மட்டும் முப்பது இருக்கும். கார்வாலி புரிகிறது, பேச வரவில்லை. ஒரு பையன் மண்டுவா ரொட்டியைப் பார்த்து "இது எரிஞ்சு போச்சு" என்று திருப்பிக் கொடுத்தான்.

சாப்பிட்டதும் கூட்டம். ரோட்டைக் கோயில் வரைக்கும் நீட்ட வேண்டும், இன்னும் 300 மீட்டர். நடுவில் ஒருவரின் படிக்கட்டு வயல். முப்பது வருஷமாக விதை விழாத வயல், ஆனால் அவர் டேராடூனிலிருந்து போனிலேயே "கையெழுத்துப் போட மாட்டேன்" என்றுவிட்டார். சண்டை வலுத்தது. ஒருவர் எழுந்து, ஊரில் தலை இல்லாவிட்டால் ரோடும் வராது ஓட்டும் வராது, எல்லோரும் வோட்டர் லிஸ்டில் பெயரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 2008 தொகுதி மறுவரையறையில் மலை மாவட்டங்கள் சில சட்டமன்றத் தொகுதிகளைச் சமவெளியிடம் இழந்தது அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆள் குறைந்தால் இடம் குறையுமா என்று எங்கள் ஊரிலும் இப்போது பேச்சு அதுதானே.

போடி கூட்டத்துக்கு வரவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கோயில் வரைக்கும் ரோடு வேணுமாம். தாராவுல தண்ணி குறைஞ்சுபோச்சு, அதை ஒருத்தனும் கேக்கல."

ரோடு வெட்டியபோது ஊற்றுக்கண் அசைந்துவிட்டது என்பது அவர் கட்சி. பைன் மரம்தான் காரணம் என்கிறார் நண்பர். தூம்பில் தண்ணீர் சுண்டுவிரல் பருமனில் விழுகிறது. ஒரு குடம் நிரம்ப ஆறு நிமிஷம் ஆனது.

ஐந்தாம் நாள்: இறக்கம்

காலை எட்டுக்குள் எல்லா வண்டிகளும் போய்விட்டன. சாயங்காலம் மழை என்று போனில் காட்டியதால் ஒரே அவசரம். இலைத் தட்டுகளும் பிளாஸ்டிக் டம்ளர்களும் கிடந்தன. எருமை பழைய இடத்தில்.

போடி எனக்கு ஒரு பை கொள்ளு கொடுத்தார், மூன்று கிலோ இருக்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. காலைத் தொட்டேன். முறிந்த கால் எது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

இப்போது கோட்துவாரிலிருந்து ரயிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நண்பரின் போன் ஓயாமல் சத்தம் போடுகிறது. ஊருக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் 183 பேர். பூஜைப் படங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் முன்பு 'சின்னப் பொண்ணு' ஒரு படம் போட்டிருக்கிறார். மழையில் மேட்டுச் சரிவு உருண்டு, தாராவுக்குக் கீழே ரோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆட்டுக்குட்டி அதன்மேல் ஏறி நிற்கிறது. அதற்குக் கீழே நாற்பத்தாறு பதில்கள். ஜே.சி.பி.க்கு யார் போன் பண்ணுவது, தலைக்கு எவ்வளவு போடுவது, எம்.எல்.ஏ.வுக்குத் தெரிந்தவர் யார் என்று கீழே இருக்கிற எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் போடியின் குரல் பதிவு ஒன்று. நண்பர் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு எனக்கு மொழிபெயர்த்தார்.

"எல்லாரும் பத்திரமா கீழ போய்ச் சேர்ந்தாச்சா? அப்ப சரி. கல்லு அங்கேயே கிடக்கட்டும், எனக்கு எங்கயும் போக வேண்டியதில்ல."